டொக்கென்று விழுந்த வில்லை

அத்தியாயம் 7

இரும்புக் கதவை வெளியிலிருந்து யாரோ இழுத்துச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் விழுந்தது. அதன் தலையில் பூட்டும் விழுந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்னி ஷோவுக்குக் கிளம்புகிறவன் மாதிரி அத்தனை நிதானமாகப் பூட்டினான் அந்தப் படுபாவி.

"விருந்துக்குக் கூப்ட்டு, எல போடாமயே கதவ சாத்திட்டானே பாய்!" என்றான் துலுக்காணம்.

உமர் பாரூக் சட்டைப் பையிலிருந்து ஓர் இஞ்சி மரப்பாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் மரப்பா போட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம். இரண்டாவதையும் எடுத்தாரானால் தெரிந்த சாமியை எல்லாம் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கும்மிடிப்பூண்டியில் நவசுதா கெமிக்கல்ஸ் கம்பெனியின் பின்பக்க ஸ்டோர் ரூம் அது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதற்கு மேலே சித்திரை வெயில். சுவரோரம் அடுக்கிய பீப்பாய்களிலிருந்து கிளம்பிய நெடி மூக்கைப் பிடுங்கியது. கைக்கெட்டாத உயரத்தில் ஒரு வென்டிலேட்டர் இருந்தது. அது வழியாகப் பூனை போகலாம், கொஞ்சம் பட்டினி கிடந்த பூனையாக இருந்தால்.

மண்ணடியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர் உமர் பாரூக். அதற்கு முன்பு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார். துலுக்காணம் அவருடைய அசிஸ்டெண்ட். அவன் அதற்கு முன்பு பொன்னேரி ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழித்ததைவிட வாய் கிழியப் பேசியதுதான் அதிகம் என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"பேரு சொல்லாத அந்த ஆளு போன்ல இன்னா சொன்னான்? 'சாப்பாட்டு சங்கு ஊதசொல்லோ பின்பக்கக் கதவு தொறந்திருக்கும், டோக்கன் மூட்டை உள்ளாறதான் கீது'ன்னான். தொறந்துதான் இருந்துச்சு. மூடுவேன்னு மட்டும் சொல்லல."

"மூட்டை இருக்கா பாரு முதல்ல" என்றார் உமர் பாரூக்.

மூட்டை இருந்தது. அதுதான் துலுக்காணத்துக்குப் பிடிக்கவில்லை. திருட வந்தவனுக்கு, திருட வேண்டிய சாமானை நடு ரூமில் வைத்து, மேலே வெளிச்சம் வேறு படுகிற மாதிரி வைப்பார்களா?

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால், அதாவது எழுபத்திரண்டில், இந்தக் கம்பெனியின் ஜீப் பழவேற்காடு ஏரிக்கரையில் நடுத்திட்டுக் குப்பத்துக்குப் போனது. இருமலுக்கு இலவச ஊசி என்றார்கள். டாக்டர் ஆதிநாராயணன் ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுத்தார். சிலருக்கு வட்டம், சிலருக்குச் சதுரம். ஊர்க்காரர்கள் அதை டோக்கன் என்பார்கள். டோக்கனைக் காட்டினால் ஊசி. வட்டம் வைத்திருந்தவர்களுக்கு இருமல் போனது. சதுரம் வைத்திருந்தவர்களுக்கு இருமலோடு காதும் போனது. புது மருந்தை மனுஷன்மேல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூண்டில் இருக்கிற எலியிடம் யார் கேட்கிறார்கள்?

இப்போது விசாரணை நடக்கிறது. ஓய்வு பெற்ற நீதிபதி தானியேல், கும்மிடிப்பூண்டி டிராவலர்ஸ் பங்களாவில் உட்கார்ந்து கேட்கிறார். இன்று மத்தியானத்தோடு விசாரணை முடிகிறது. கம்பெனி சொல்வது ஒன்றே ஒன்று. ஊருக்கே ஒரே ஊசிதான் போட்டோம். காது கேட்காதது அந்தக் குப்பத்தின் ரத்தத்திலேயே இருக்கிறது. பரம்பரைச் செவிடு. அதை ஒப்புக்கொள்கிற குடும்பத்துக்கு இரக்கப்பட்டு ஏதாவது கொடுக்கிறோம்.

இந்த 'பரம்பரை' என்ற வார்த்தைதான் கங்கம்மாளைக் கொன்றுகொண்டிருந்தது. அவள்தான் இவர்களைத் தேடி வந்த கட்சிக்காரி. இன்று காலையில் குப்பத்தில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசியது துலுக்காணத்துக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில் பேசினாள்.

"ஆரணிலேர்ந்து வந்தாங்கோ, கவரைப்பேட்டைலேர்ந்து வந்தாங்கோ. எம் பொண்ணு செல்விய பாத்து புட்சிப் போச்சுன்னாங்கோ. அப்பால, 'செவிட்டு வம்சமாமே, கம்பெனி டாக்டரே சொல்லிக்கீறாரே'ன்னு தட்டை எடுத்துக்கினு பூட்டாங்கோ. டப்பு குடுத்தா வாங்கிக்கிறேன் நைனா, இல்லேங்கல. ஆனா நான் பொறவிச் செவிடு இல்லேன்னு அவுங்க வாயால சொல்லணும். எம் பொண்ணு தலைல இருக்கிற கல்லு எறங்கணும்."

"டோக்கன் எங்கம்மா?" என்று உமர் பாரூக் வாயசைத்துக் கேட்டார்.

கங்கம்மாள் தரையைப் பார்த்தாள். "அதெல்லாம் அப்பவே திருப்பிக் குடுத்துட்டோம். கம்பெனிக்காரு வந்து டோக்கனுக்கு ஒரு படி அரிசி குடுத்து வாங்கிக்கினாரு."

செல்வி அலுமினியக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அத்தோடு பேச்சு முடிந்தது. போன் வந்தது அதற்கு அப்புறம்தான், கவரைப்பேட்டை ஸ்டேஷன் எதிரே இவர்கள் நாஷ்டா தின்றுகொண்டிருந்த ஓட்டலுக்கு. இவர்கள் அங்கே இருப்பது எப்படித் தெரியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். வடை சூடாக இருந்ததில் கேட்கத் தோன்றவில்லை.

துலுக்காணம் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினான். பித்தளை வில்லைகள் தரையில் பரவின. அவன் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷமே வாடியது.

"பாய், எல்லாமே வட்டம்."

"ஒரு சதுரம்கூட இல்லையா?"

"மருந்துக்குக்கூட இல்ல."

உமர் பாரூக் பெருமூச்சு விட்டார். "நாம மூட்டையைத் தேடி வந்தோம்னு நினைச்சேன் துலுக்காணம். மூட்டைதான் நம்மைத் தேடி வந்திருக்கு."

அவர் சொல்லி முடிக்கவும் கதவிலிருந்த சின்ன ஜன்னல் திறந்தது. அதில் ஒரு முகம் தெரிந்தது. நெற்றியில் சந்தனம், தங்க பிரேம் கண்ணாடி, புழுக்கத்திலும் கசங்காத காலர். கம்பெனி மேனேஜர் வீரராகவன்.

"வாங்க வாங்க. கேட்டிருந்தா நானே முன்வாசல் வழியா அழைச்சிட்டு வந்திருப்பேனே" என்றார், மாப்பிள்ளை வீட்டாரை உபசரிக்கிற குரலில்.

"பூட்டுப் போட்டு உபசாரம் பண்ற ஊடு இப்பதான் சார் பாக்கறேன்" என்றான் துலுக்காணம்.

வீரராகவன் அவனைப் பொருட்படுத்தவில்லை. "மிஸ்டர் பாரூக், உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ராத்திரி வரைக்கும் இங்கேயே இருங்க. விசாரணை முடிஞ்சப்புறம் போலீஸைக் கூப்பிட்டு, ஸ்டோர்ல பூந்த திருடனுங்கன்னு ஒப்படைக்கிறேன். இன்னொண்ணு, என் கார்ல வாங்க. ஜட்ஜ் முன்னாடி ஒரே ஒரு உண்மையைச் சொல்லுங்க. இந்த மூட்டையை நீங்களே கண்டுபிடிச்சீங்க, அத்தனையும் வட்டமா இருந்துச்சு. அவ்வளவுதான். அந்த ஜனங்க வச்ச துப்பறிவாளரே சொன்னா ஜட்ஜ் நம்பாம என்ன பண்ணுவார்?"

"டோக்கனே குடுக்கலேன்னு நேத்து வரைக்கும் சாதிச்சீங்களே?" என்றார் உமர் பாரூக்.

"நேத்து நேத்து. க்யூவுக்காகக் குடுத்தோம்னு இன்னிக்கு ஞாபகம் வந்துருச்சு." வீரராகவன் சிரித்தார். "டீ குடிச்சிட்டு வரேன். யோசிச்சு வைங்க."

ஜன்னல் மூடிக்கொண்டது.

துலுக்காணம் மூடிய ஜன்னலை முறைத்தான். என்ன அழகாகப் பொறி வைத்திருக்கிறான்! உள்ளே இருந்தால் கங்கம்மாளுக்காகப் பேச ஆளில்லை. வெளியே போனால் இவர்கள் வாயாலேயே அவள் வாயில் மண். சதுர வில்லைகள் எல்லாம் எந்த உலையில் உருகிப் போனதோ. செல்வி காலையில் தண்ணீர் கொடுத்தபோது, 'ஜெயிச்சுடுவோமாண்ணா?' என்று மெல்லக் கேட்டிருந்தாள். 'பின்ன இன்னாம்மா, அண்ணன் கீறேன் இல்ல' என்று இந்த வாய்தான் சவடால் விட்டது. நினைத்தால் அவனுக்கு அவமானமாக இருந்தது.

உமர் பாரூக் இரண்டாவது மரப்பாவை எடுத்தார்.

"வாணாம் பாய், அத உள்ள வையி. எனக்கு பேஜாரா கீது."

கை சும்மா இருக்காமல் துலுக்காணம் ஒரு வில்லையை எடுத்து விரலால் சுண்டித் தரையில் போட்டான். கண்டக்டர் புத்தி. அந்தக் காலத்தில் செல்லாக்காசு கொடுக்கிறவனைப் பிடிக்க, காசை பஸ் கம்பியில் தட்டித் தட்டியே வாங்குவான்.

டொக்.

அவன் புருவம் உயர்ந்தது. இன்னொன்றைப் போட்டான். டொக். இன்னொன்று. டொக்.

"பாய், இது செல்லாக்காசு!"

"டோக்கன்ல செல்லாக்காசு என்னடா?"

"மெஷின்ல அடிச்ச கட்டிப் பித்தளைன்னா 'ணங்'குன்னு பாடும். இது தகடு. எவனோ கத்திரியால வெட்டி, அரம் போட்டு ராவிக்கீறான். தோ பாரு, வெச்சா நேரா நிக்குதா? தொட்டில் கணக்கா ஆடுது."

உமர் பாரூக் குனிந்து பார்த்தார். வில்லை ஆடியது. மெல்லிய வளைவு ஒன்று அதன் உடம்பிலேயே இருந்தது. இன்னொன்றை எடுத்தார், அதிலும் அதே வளைவு. திருப்பிப் போட்டார். ஒன்றின் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். பாத்திரக்கடையில் பெயர் வெட்டும்போது உளியால் தட்டுவார்களே, அந்தப் புள்ளிகள். அவை சேர்ந்து 'கங்' என்று நின்றன. மிச்சத்தைக் கத்திரி தின்றுவிட்டது.

உமர் பாரூக் அந்த எழுத்தை விரலால் தடவினார்.

"துலுக்காணம், காலையில கங்கம்மாள் வீட்ல தண்ணி எதுல இருந்துச்சு?"

"அலுமினியக் குடம்."

"கல்யாணமாகிக் குடும்பம் நடத்துற பொம்பளைக்குச் சீரா வந்த பித்தளைக் குடம் எங்க போச்சு?"

துலுக்காணத்துக்குச் சுரீரென்று உறைத்தது. கையிலிருந்த வில்லையின் வளைவு, குடத்தின் வயிற்று வளைவு!

"அடப்பாவமே! சீர்க்கொடத்த வெட்டி ஊருக்கே டூப்ளிகேட் போட்டுக்கீதா அந்தம்மா? ஒரு படி அரிசிக்கா?"

"அரிசிக்கு எவளாவது பேர் வெட்டின குடத்தை வெட்டுவாளா? அசலைக் கையை விட்டுக் கொடுக்கக் கூடாதுன்னு வெட்டியிருக்காங்க. அசல் அத்தனையும் ஊர்லதான் இருக்கு. வட்டமும் இருக்கு, சதுரமும் இருக்கு. சதுரம்னு பொறுக்கிக் கம்பெனிக்காரன் உருக்கினது கங்கம்மாள் குடத்தை!"

"அப்போ ஏன் பாய் நம்மகிட்ட இல்லேன்னு பொய் சொல்லிச்சு?"

உமர் பாரூக் பழவேற்காட்டுக்காரர். அவர் வாப்பா ஏரிக்கரையில் இறால் வாங்கி மெட்ராஸுக்கு அனுப்பிய வியாபாரி. அந்தக் கரையில் வளர்ந்தவருக்குத் தெரிந்த ஒரு விஷயம், மண்ணடியில் பதினைந்து வருஷம் உட்கார்ந்ததில் மறந்தே போயிருந்தது.

"ஏரியில நினைச்ச இடத்துல நினைச்சவன் வலை போட முடியாது. அதுக்குப் பாடுன்னு பேர். ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன இடம், இன்ன முறைன்னு பிரிச்சுக்குவாங்க. சீட்டைக் கையில வச்சிருக்கிற வரைக்கும்தான் பாடு. கொடுத்துட்டா முறை போச்சு. முறை வர்றதுக்கு முன்னாடி வேத்து ஆளுக்குக் காட்டினாலும் போச்சு. இவங்களுக்கு அந்த டாக்டர் என்ன கொடுத்தார்? கையில ஒரு வில்லையைக் கொடுத்து, உன் முறை வந்தா கூப்பிடறேன்னார். இவங்க அதைப் பாடுன்னு எடுத்துக்கிட்டாங்க. காது போச்சு. போக்கடிச்ச டாக்டர் திரும்ப வந்து சரி பண்ணுவார்னு நம்பினாங்க. அப்போ டோக்கன் இல்லாம எப்படி வரிசையில நிப்பாங்க?"

துலுக்காணம் கையிலிருந்த வில்லையை மெல்லக் கீழே வைத்தான். ஆறு வருஷமாகவா? கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று ஆறு வருஷமாகவா காத்திருக்கிறார்கள்?

"சரி பாய், போய் கைகால்ல உழுந்தாவது வாங்கிக்கினு வந்துடலாம்."

"கொடுக்க மாட்டாங்க. முறை சொல்லிக் கூப்பிடணும். சீட்டுக் கொடுத்தவர்தான் கூப்பிடணும்."

"சீட்டுக் குடுத்தது டாக்டரு. டாக்டரு கம்பெனி ஆளு. கம்பெனி ஊட்டுல குடி இருக்கிறாரு, கம்பெனி சோறு துன்றாரு. அவரு கூப்டுவாரா? சோக்கா கீது! இந்த ரூமுக்காவது ஒரு கதவுதான் பாய், நம்ம கேஸுக்கு ஏழு கதவு போலக்கீது."

ஜன்னல் திறந்தது. வீரராகவன் டீ குடித்த உதட்டைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன முடிவு பண்ணினீங்க?"

"கார்ல வரோம்" என்றார் உமர் பாரூக். "நீங்க சொன்னதைச் சொல்றேன்."

"பாய்!" என்று அலறினான் துலுக்காணம்.

உமர் பாரூக் அவன் பக்கமே திரும்பவில்லை. மூன்றாவது மரப்பா ஒன்றைப் பிரித்து வீரராகவனிடம் நீட்டினார்.

டிராவலர்ஸ் பங்களா ஹாலில் ஃபேன் சுற்றியது, காற்றுதான் வரவில்லை. நீதிபதி தானியேல் மேஜைக்குப் பின்னால் இருந்தார். மெலிந்த மனிதர், கேள்விகளும் மெலிந்தவைதான். ஒரு பக்கம் டாக்டர் ஆதிநாராயணன் உட்கார்ந்து, வெள்ளைத் துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து மாய்ந்தார். பின்னால் தரையில் நடுத்திட்டுக் குப்பமே உட்கார்ந்திருந்தது. 'இரக்கப்பட்டுக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள' என்று கம்பெனி பஸ்ஸிலேயே ஏற்றி வந்திருந்தார்கள். டாக்டர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

கங்கம்மாள், கம்பெனி மேனேஜரின் காரிலிருந்து இறங்கி வந்த உமர் பாரூக்கைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் துலுக்காணத்தால் தாங்க முடியவில்லை. சுவரோடு சுவராக நின்றுகொண்டான்.

உமர் பாரூக் சாட்சி சொன்னார். "இந்த மூட்டை கம்பெனி ஸ்டோர்ல இருந்துச்சு. ஊர்க்காரங்ககிட்ட திருப்பி வாங்கின டோக்கன்கள். எல்லாமே வட்டம்."

ஹாலில் சலசலப்பு எழுந்தது. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவைதான் என்று நிச்சயமாகத் தெரியுமா?" என்று நீதிபதி கேட்டார்.

வீரராகவன் துள்ளி எழுந்தார். "சந்தேகமே வேண்டாம் சார்! ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானே குப்பத்துக்குப் போய், என் கையால ஒவ்வொண்ணா எண்ணி வாங்கினது."

"ரொம்ப நன்றி" என்றார் உமர் பாரூக். "ஐயா, டாக்டரை ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன். மருந்தைப் பத்தி இல்லை."

"கேளுங்கள்."

"டாக்டர், ஏரிக்கரையில காத்து அள்ளிக்கிட்டுப் போகும். கத்தினா பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காது. அவ்வளவு ஜனத்துல, அடுத்த ஆள் ஊசிக்கு வரலாம்னு எப்படிக் கூப்பிடுவீங்க?"

வீரராகவன் யோசித்துப் பார்த்தார். அதில் ஆபத்து ஒன்றும் தெரியவில்லை. தலையசைத்து விட்டுவிட்டார்.

டாக்டர் ஆதிநாராயணனுக்கும் அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். "மொதல்ல பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஒருத்தரும் வரல. அப்புறம் ஊர்த் தலைவர் நாட்டார்தான் சொன்னார், எங்க பாடு முறைக்குக் கூப்பிடற மாதிரி துண்டைத் தூக்கிக் காட்டுங்கன்னு. இப்படி..."

துண்டு அவர் தோள் வரைக்கும் உயர்ந்தது. அங்கேயே நின்றது.

ஏனென்றால் அப்போதுதான் அவர் பின்பக்கம் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கண்ணும் இமைக்கவில்லை. டாக்டருக்குப் புரிந்துவிட்டது. வீரராகவனுக்கு இன்னும் புரியவில்லை. துண்டைக் கீழே இறக்கிவிட டாக்டருக்கு வேண்டிய நேரம் இருந்தது. பாதிக் கையை உமர் பாரூக் தூக்க வைத்தார். மீதிக் கையை டாக்டரேதான் தூக்கினார்.

வெள்ளைத் துண்டு தலைக்கு மேலே போனது.

கங்கம்மாள் முதலில் எழுந்தாள். மடியை அவிழ்த்தாள். அவளைப் பார்த்துக் குப்பம் எழுந்தது. ஒருத்தி தாலிக்கயிற்றிலிருந்து அவிழ்த்தாள். ஒருவன் அரைஞாண் கயிற்றில் தடவினான். யாரும் தள்ளவில்லை, முந்தவில்லை. பாடு முறைக்கு நிற்கிற ஜனங்களுக்கு வரிசையைக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்? ஒவ்வொருவராக வந்து நீதிபதியின் மேஜைமேல் வைத்தார்கள்.

ணங். ணங். ணங்.

துலுக்காணம் சுவரை விட்டு நகர்ந்து வந்தான். பஸ்ஸில் அத்தனை வருஷம் கேட்ட எந்தக் காசும் அப்படிப் பாடியதில்லை.

வட்டம். சதுரம். சதுரம். வட்டம். சதுரம்.

"இது... இதெல்லாம் இப்ப செஞ்சது! போலி!" என்று வீரராகவன் கத்தினார்.

உமர் பாரூக் மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் போட்டார். டொக்கென்று விழுந்து தொட்டில் மாதிரி ஆடியது. "போலி இதுதான் சார். நீங்களே உங்க கையால எண்ணி வாங்கின பித்தளைக் குடம். முதுகுல குடத்துக்காரி பேர்கூட இருக்கு, ஐயா பார்க்கலாம்."

நீதிபதி பார்த்தார். பிறகு சதுர வில்லை ஒன்றைப் பார்த்தார். "இரண்டு விதமான டோக்கன் கொடுத்திருக்கிறார்கள். சரி. அதனால் இரண்டு விதமான ஊசி போட்டார்கள் என்று ஆகிவிடுமா?"

"டோக்கன் வச்சவங்களை ரெண்டு வரிசையா நிக்கச் சொல்லுங்க ஐயா. சதுரம் ஒரு பக்கம், வட்டம் ஒரு பக்கம். எல்லாரும் உங்களைப் பார்த்து நிக்கட்டும்."

நின்றார்கள். உமர் பாரூக் துலுக்காணத்துக்குக் கண்ணைக் காட்டினார். அவனுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. ஓரத்தில் டீ கொண்டு வந்து வைத்திருந்த பெரிய தாம்பாளம் கண்ணில் பட்டது. அதைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போனான். அத்தனை முதுகுகளுக்கும் பின்னால், டம்ளர் கிம்ளர் எல்லாம் சேர்த்துச் சிமென்ட் தரையில் ஓங்கிப் போட்டான்.

பங்களாவே அதிர்ந்தது. கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. நீதிபதி நாற்காலியில் துள்ளினார். வட்ட வரிசை மொத்தமும் திடுக்கிட்டுத் திரும்பியது.

சதுர வரிசையில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

அவர்கள் நீதிபதியைப் பார்த்தபடி, முறைக்காகக் காத்துக்கொண்டு, அப்படியே நின்றார்கள். அந்த வரிசையில் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. அம்மாவுக்குத் தெரியவில்லை.

நீதிபதி தானியேல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒரே குப்பம். ஒரே ரத்தம். சதுரம் வாங்கினவர்களுக்கு மட்டும் பரம்பரையா?" என்றார்.

வீரராகவன் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார். அங்கே துலுக்காணம் கையை நீட்டி நின்றிருந்தான்.

"உக்காரு சார். நீ எறங்குற ஸ்டாப்பிங் இன்னும் வரல. எங்களை உள்ள போட்டுப் பூட்டினியே, எப்டி கீது இப்போ? புழுங்குதா?"

கங்கம்மாள் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவளுக்குத் தாம்பாளமும் தெரியாது, நீதிபதி சொன்னதும் தெரியாது. நேராக டாக்டர் முன்னால் போய் நின்றாள். மேஜையிலிருந்து எடுத்து வந்த தன் சதுர வில்லையை அவர் கையில் வைத்தாள். ஆறு வருஷம் மடியில் கிடந்து மின்னிக்கொண்டிருந்தது அது.

"டாக்டரு, எம் பாடு வந்துட்சா? கூப்ட்டியே. இப்ப காத சரி பண்ணுவியா?"

அந்த உரத்த குரல் ஹால் முழுக்கப் போய்ச் சுவரில் மோதியது. ஆதிநாராயணன் வில்லையைப் பார்த்தார். விரல்களை மூடினார், திறந்தார். அவர் உடைந்து அழுததை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"சரி பண்ண முடியாதும்மா. யாராலயும் முடியாது. உங்க ரத்தத்துல ஒரு கோளாறும் கிடையாது. நீங்க யாரும் பொறவிச் செவிடு இல்ல. நாங்க போட்ட ஊசி. புது மருந்து. உங்களைக் கேக்காம போட்டுப் பாத்தோம்." தலையைக் குனிந்துகொண்டே முணுமுணுத்தார்.

குனிந்த தலையில் உதடு தெரியவில்லை. கங்கம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி சொல்றாரு?"

செல்வி அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே, ஒவ்வொரு வார்த்தையாக வாயசைத்துச் சொன்னாள். காது சரியாகாது என்பதையும் சொன்னாள்.

ஆறு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று கங்கம்மாள் முகத்திலிருந்து போனது. துலுக்காணம் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தான். பிறகு அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். டாக்டரின் மோவாயைப் பிடித்து, பெற்ற பிள்ளையின் முகத்தை நிமிர்த்துகிற மாதிரி நிமிர்த்தினாள். வாசலிலும் ஜன்னலிலும் கூடி நின்ற கூட்டத்தைக் காட்டினாள். ஆரணிக்காரர்களும் இருந்தார்கள், கவரைப்பேட்டைக்காரர்களும் இருந்தார்கள்.

"குனிஞ்சிக்கினு சொல்லாத நைனா" என்றாள். "சத்தமா சொல்லு. எனக்கு வாணாம். அவுங்களுக்குக் கேக்கட்டும்."